அமராவதி மீனின் முதுகு

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்கள். மீனைப் படம் எடுத்து, படத்தில் புள்ளி வைத்தால், கணினி உடம்பின் உருவத்தைக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. எனக்கே பாதிதான் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கொங்கு நாட்டு ஆற்று மீன்களை அளந்தே காலத்தை ஓட்டியவள் என்பதால், பணி ஓய்வுக்குப் பிறகு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் சரியாகச் செய்ததெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. தூக்கம் வராத நாளில் எடுத்துப் படியுங்கள். இங்கே எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பை.

நம் வேலையைப் பற்றிச் சொன்னால் என் கொழுந்தனார் இன்றைக்கும் கேட்பார், "மீனை இத்தனை அளவு எடுக்கறீங்களே அண்ணி, சட்டை தெக்கப் போறீங்களா?" என்று. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே இனத்து மீன் இரண்டு ஆறுகளில் வெகுகாலம் பிரிந்து கிடந்தால் இரண்டு தனிக் கூட்டமாக ஆகிவிடலாம். பெயர் ஒன்றுதான், பார்வைக்கும் ஒன்றுதான். ஆனால் தலை எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு உயரம், துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று நிறைய மீன்களை அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவரும். அப்படித் தெரிந்தால் ஓர் ஆற்று மீனைக் கொண்டுபோய் இன்னோர் ஆற்றில் விடக் கூடாது. விட்டால் இரண்டும் கலந்து, பழைய கூட்டம் இருந்த இடம் தெரியாமல் போகும். கலந்த பிறகு பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். எந்த அட்டவணையை நீட்டினாலும் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால், "அளந்தது யாரு?" என்றுதான் கேட்பார். என்ன வீண் கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் ஒரே வாளியில் இருந்த மீன்களை எனக்கும் என் தோழிக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். அளந்து முடித்தால், அவள் அளந்த மீன்களின் மூக்கு குட்டை, நான் அளந்தவற்றின் மூக்கு நீளம். அவள் காலிப்பர் என்னும் அளவு இடுக்கியை மீனின் மூக்கில் அழுத்திப் பிடிப்பவள். நான் பட்டும் படாமலும் பிடிப்பவள். "ஒரு வாளி மீனை ரெண்டு ஆத்து மீனாக்கிப் போட்டீங்களே அம்மணி" என்று சிரித்தார். அன்றிலிருந்து யார் கை அளந்தது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தேன். கையைக் கவனித்த நான் பாட்டிலைக் கவனிக்காமல் விட்டேன்.

நடந்தது இதுதான். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். கோபிசெட்டிபாளையம் பக்கம் பவானி ஆற்றிலிருந்து சேல் கெண்டைகளைப் பிடித்து, ஒரு பண்ணையில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். தாராபுரம் பக்கம் அமராவதி ஆற்றில் அதே சேல் கெண்டை அருகிப் போயிருந்தது. பண்ணைக் குஞ்சுகளை அமராவதியில் விடலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். திட்டக் குழுவில் இருந்த யாருக்கோ நல்ல புத்தி வந்து, இரண்டு ஆற்று மீனும் ஒரே கூட்டம்தானா என்று அளந்து சொல்லும் பொறுப்பை எங்களிடம் கொடுத்தார்கள். வேறு வேறு என்று நாங்கள் சொன்னால் குஞ்சு விடுவதை நிறுத்துவார்கள். ஒன்றேதான் என்றால் விட்டுவிடுவார்கள். எங்கள் ஒரு வார்த்தைக்கு அத்தனை எடை இருந்தது.

என்னோடு அந்த வேலையில் இருந்தவர் முருகேசன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நிதானமான ஆள். ஒரே நாளில் நான் பவானிக் கரைக்கும் அவர் அமராவதிக் கரைக்கும் மீன் எடுக்கப் போனோம். மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்தில் போட்டுக் கெட்டிப்படுத்தும்போது அகலமான தட்டில் நேராகப் படுக்க வைக்க வேண்டும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரிய தட்டுகளை எல்லாம் நான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். அவரிடம் இருந்தவை வாய் அகன்ற பாட்டில்கள் மட்டும்தான்.

தாராபுரத்திலிருந்து போன் வந்தது. "அக்கா, தட்டே இல்லீங். பாட்டில்ல போட்டா பெரிய மீனெல்லாம் வளைஞ்சு போயிருமுங்."

எனக்கு அங்கே பவானிக் கரையில், கொடிவேரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, வலையிலிருந்து மீன் வந்து குவிகிறது. "கெட்டுப் போறதுக்கு வளைஞ்சா தேவலை முருகேசு. தலைகீழா எறக்கிப் போட்டுட்டு வாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம்கூட இருக்காது.

சில வாரம் கழித்து அளந்தோம். இருவரும் எல்லா மீனையும் அளந்தோம், கை வித்தியாசம் வராதபடி ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்த்தோம். மீன் லேசாக வளைந்திருந்தால் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். அளவுகள் வந்தன. பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறைதான். அமராவதி மீனுக்கு முதுகு தூக்கல், உடம்பு உயரம். பவானி மீன் ஒல்லி. இரண்டும் தனித்தனியாக அப்படிப் பிரிந்து நின்றன. ஏன் அப்படி என்பதற்கும் உடனே காரணம் கிடைத்துவிட்டது: அமராவதியில் ஓட்டம் குறைவு, தேங்கிய தண்ணீரில் வளரும் மீனுக்கு உடம்பு உயரும் என்று எழுதினேன். எந்த முடிவு வந்தாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. அறிக்கை போனது. குழுவில் பாராட்டினார்கள். இறுதி முடிவுக்குக் கூட்டம் குறித்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம். குழுவில் இருப்பவர்களுக்குக் கண்ணால் காட்டலாமே என்று ஆற்றுக்கு ஒரு மீனாகப் பொறுக்கி எடுத்தேன். அமராவதி மீனில் முதுகு நன்றாகத் தூக்கியிருந்த ஒன்றை வெள்ளைத் தட்டில் படுக்க வைத்தேன். அது படுக்கவில்லை. தலையை அழுத்தினால் வால் எழும்பியது. வாலை அழுத்தினால் தலை எழும்பியது. விரலை எடுத்தால் தட்டில் ஆடிக்கொண்டு நின்றது. அதன் பாட்டிலை எடுத்து மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வளைவை ஒட்டி அளந்தால் மீனின் நீளம் பாட்டிலின் உயரத்தைவிட இரண்டு விரல் கூட.

அட்டவணையை விரித்து, பாட்டிலின் உயரத்துக்குள் அடங்கக்கூடிய அமராவதி மீன்களை மட்டும் பென்சிலால் குறித்தேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட முதுகு தூக்கல் இல்லை. பவானி மீன் மாதிரியேதான் இருந்தன. பாட்டிலைவிட நீளமான மீன்களுக்கு மட்டும்தான் முதுகு தூக்கியிருந்தது. பவானியில் சிறிசு பெரிசு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன, ஏனென்றால் அவை எல்லாமே தட்டில் படுத்தவை. வளைந்து கெட்டிப்பட்ட மீனில் மூக்குக்கும் வாலுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் நீளம் குறையும், அதனால் நீளத்தோடு பார்க்கையில் உயரம் கூடியதாகத் தெரியும். நான் கண்டுபிடித்த அமராவதிக் கூட்டம் ஆற்றில் உருவானது அல்ல. பாட்டிலில் உருவானது.

முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீனின் தலையை ஒரு விரலால் அழுத்தி, வால் எழும்புவதைப் பார்த்தார். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு. "போன்ல நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கோணுங்க்கா."

"நீங்க சொன்னீங்க முருகேசு. கேக்காதவ நான்" என்றேன். வெட்கமாக இருந்தது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மத்தியானம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. பவானிக் குஞ்சை அமராவதியில் விடக் கூடாது என்பதுதான் என் ஆசை. இந்தத் தப்பான அறிக்கை அந்த நல்ல காரியத்தைச் செய்துகொடுத்துவிடும். கூட்டத்தில் யாருக்கும் மீனைத் தட்டில் படுக்க வைத்துப் பார்க்கத் தோன்றாது. நான் வாயை மூடிக்கொண்டால் அமராவதி மீன் பிழைத்துக்கொள்ளும், என் பெயரும் பிழைத்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் நாளைக்கே குஞ்சு விடுவார்கள், நாங்கள் காப்பாற்ற நினைத்தது என் வாயாலேயே போகும். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் ஒருநாள் இந்த நிலைமை வரும். நல்லதுக்காகத்தானே என்ற நினைப்பில் வரும், அதனால் ஏமாந்துபோவீர்கள்.

என்னை எழுப்பியது பழைய துறைத் தலைவரின் கேள்விதான். அளந்தது யார் என்று இன்னும் ஐந்து வருஷம் கழித்து ஒரு புது ஆள் கேட்பான். பாட்டிலைத் திறந்து பார்ப்பான். அன்றைக்கு இந்த ஓர் அறிக்கை மட்டும் விழாது. நாம் உண்மையிலேயே சரியாக அளந்து காப்பாற்றிய மற்ற மீன்களைப் பற்றிய அறிக்கைகளும் சேர்ந்து விழும். அறிக்கையைத் திரும்பப் பெறுவதென்று முடிவு செய்தேன். ஆனால் அதோடு வீட்டுக்குப் போவதில்லை, திரும்ப அளப்பதற்கு நாள் வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்திருப்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

மறுநாள் கோயம்புத்தூரில் கூட்டம். ஆடும் மீனைத் தட்டோடு கொண்டுபோய் மேசை நடுவில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். போனில் நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"போன மாசம் வேறன்னு அறிக்கை குடுத்தீங்க மேடம். இப்ப ஒண்ணுதான்னு சொல்றீங்களா?"

"ஒண்ணுன்னும் சொல்லலீங்க சார். எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியாதுன்னா விட்டுடலாமில்ல?"

"தெரியாதப்பதாங்க சார் விடக் கூடாது."

அப்போது மேசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. தாராபுரத்து மீனவர்கள் சார்பில் வந்திருந்த சின்னராசு. ஐம்பது வயது இருக்கும், பரிசலில் போய் வலை விரிப்பவர். முதல் தடவை முருகேசனுக்கு மீன் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு வருசமா வலை வெறும் வலையாத்தான் ஏறுது. குஞ்சு உடறோமுன்னு சொல்லித்தான் எங்களை இங்க கூப்பிட்டாங்க. நீங்க ஒருக்கா வேறங்கறீங்க, ஒருக்கா தெரியாதுங்கறீங்க. தெரிஞ்சுக்கறதுக்கு எத்தனை நாள் வேணுமுங் உங்களுக்கு?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் மீனின் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன், அவர் தன் வீட்டு உலையைப் பற்றிப் பேசுகிறார். அதிகாரி, பண்ணைத் தொட்டியில் குஞ்சுகள் நெரிசலாகிவிட்டன, பத்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார். அந்தப் பத்து நாளையே பிடித்துக்கொண்டேன்.

"பத்து நாள் போதுமுங்க. ஆனா மீனு நீங்கதான் புடிச்சுத் தரோணும்" என்றேன் சின்னராசுவிடம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கு வர்ற குஞ்சை நிறுத்தறதுக்கு நானே மீன் புடிச்சுத் தரோணுமாக்கும்."

"நிறுத்தறதுக்கு இல்லீங்க. நிறுத்தோணுமான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. ஒண்ணுதான்னு வந்தா நானே வந்து உங்க பரிசல்ல ஏறிக் குஞ்சு உடறேன்."

சின்னராசு தட்டில் இருந்த மீனை விரலால் ஒரு தட்டு தட்டினார். அது ஆடியது. "நல்லா வளைச்சுப் போட்டீங்க போங்க" என்றார். மூன்றாம் நாள் காலையில் முதல் பெட்டி மீன் அவரிடமிருந்து வந்தது.

இந்த முறை ஃபார்மலினே வேண்டாம், பிடித்த அன்றே பச்சை மீனாக அளப்பது என்று வைத்துக்கொண்டோம். கொடிவேரியும் சரி, தாராபுரமும் சரி, கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். விடிந்ததும் இரண்டு பக்கமும் வண்டி கிளம்பினால் பத்து மணிக்குள் ஆய்வகம் வந்து சேரும். ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுகூட வித்தியாசம் ஆகிவிடக் கூடாது. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய், ஒரே அளவு தெர்மாகோல் பெட்டிகளாக, ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து வாங்கினேன். மிகப் பெரிய மீனும் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு வாங்கினேன். "மீனை அளக்கற ஆளைப் பாத்திருக்கறனுங், பெட்டியை அளக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கடைக்காரர். சூடு பட்டவள் நான், அவருக்கு எங்கே தெரியும்.

இன்னொரு காரியமும் செய்தோம். எந்த மீன் எந்த ஆற்று மீன் என்பது எனக்கும் முருகேசனுக்கும் தெரியவே கூடாது. முதல் தடவை நாங்கள் மீனைக் கட்டை விரலால் அழுத்தியபோது எந்தப் பாட்டில் எந்த ஊர் என்று தெரிந்துதான் அழுத்தினோம். எங்கள் விரலை நான் நம்பத் தயாராக இல்லை. எங்கள் கல்லூரி நூலகர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். மீன் வாடையே ஆகாத, சுத்த சைவக்காரர். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு ஊர்ப் பெட்டியையும் கலந்து, ஒவ்வொரு மீனுக்கும் நம்பர் அட்டை கட்டி, பட்டியலை நூலக அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மூன்று நாள் வந்தார். அந்த உதவிக்கு நான் செய்த கைம்மாறு ஒன்றுமில்லை, இதை எழுதுவதைத் தவிர.

மூன்றாவது பெட்டியோடு சின்னராசுவே நேரில் வந்துவிட்டார். எங்கள் ஆய்வக பெஞ்சில் உட்கார்ந்து, நான் அளப்பதையும், அதே மீனை முருகேசன் மறுபடி அளப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது எங்காத்து மீனுன்னு உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. தெரியக் கூடாது."

"எனக்குத் தெரியுதுங்."

"தயவுசெஞ்சு சொல்லிப்போடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முருகேசன் கையிலிருந்த காலிப்பர் கீழே விழுந்தது. சின்னராசு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை. போகும்போது ஒரு தாளில் தன் கணிப்பை நம்பர் நம்பராக எழுதச் சொல்லி, மடித்து நூலகர் அம்மாவிடம் கொடுக்க வைத்தேன். பட்டியலைத் திறந்தபோது அவர் சொன்னதில் பெரும்பாலும் சரி, சிலது தப்பு. தப்பானதை அவரால் தாங்க முடியவில்லை. "ஐஸ்ல போட்டா எல்லாமே ஒரே மூஞ்சி ஆயிருதுங்" என்றார்.

எங்கள் அளவு என்ன சொன்னது? தூக்கிய முதுகு காணாமல் போயிருந்தது. உடம்பின் உயரத்தில் இரண்டு ஆற்று மீனுக்கும் வித்தியாசம் இல்லை. நான் அறிக்கையில் எழுதிய தேங்கிய தண்ணீர்க் கதையும் அதோடு போனது. தலை, கண், துடுப்பு எதிலும் பிரிவு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. வால் தொடங்குவதற்கு முன்னால் உடம்பு ஒடுங்கும் இடம். அமராவதி மீனுக்கு அது குட்டையாகவும் தடித்தும் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் என் கையிலும் வந்தது, முருகேசன் கையிலும் வந்தது, சிறிய மீனிலும் பெரிய மீனிலும் வந்தது, மூன்று நாளும் வந்தது. முதல் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதுகின் பகட்டில் வாலை யார் பார்த்தார்கள்?

பத்தாம் நாள் மறுபடி அதே அறை. இந்த முறை யாரும் பாராட்டத் தயாராக வரவில்லை. வித்தியாசம் சிறியது, ஆனால் நிலையானது என்று சொன்னேன். அதிகாரி சரியான கேள்வியைக் கேட்டார். "இது பிறப்புலயே வர்ற வித்தியாசமா, இல்ல அந்தத் தண்ணியில வளர்ந்ததால வந்ததா?"

"அதை அளவுகோல் சொல்லாதுங்க சார். ஒவ்வொரு மீன்லயும் துடுப்புல ஒரு துண்டு வெட்டி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். பதில் வர மாசக்கணக்குல ஆகும்."

"அப்ப இப்பவும் உங்களுக்கு முழுசாத் தெரியாது."

"முழுசாத் தெரியாது. ஆனா இன்னைக்கு விட்டுட்டா, நாளைக்கு வேறன்னு தெரிஞ்சாலும் திருப்பி எடுக்க முடியாதுங்க. இன்னைக்கு விடாம இருந்து, நாளைக்கு ஒண்ணுதான்னு தெரிஞ்சா, அப்ப விட்டுக்கலாம். இந்த ரெண்டுல எந்தத் தப்பைச் செய்யறதுன்னுதான் இப்பக் கேள்வி. பொறுத்துப் பாக்கற தப்பை நான் ஏத்துக்கறேன். என் பேர்லயே எழுதிக்கங்க."

போன கூட்டத்தில் என் தப்பை நானே கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, இந்த முறை நான் சொன்னதில் யாரும் உள்நோக்கம் தேடவில்லை. எல்லோரும் சின்னராசுவைப் பார்த்தார்கள். குஞ்சு வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றே வண்டி கிளம்பியிருக்கும், நானும் பரிசலில் ஏறியிருக்க வேண்டியதுதான்.

அவர், கூட்டத்துக்கு வந்திருந்த பண்ணைக்காரர்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். "பவானி மீன்ல குஞ்சு எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, எங்காத்து மீன்ல எடுக்கத் தெரியாதுங்களா?"

பண்ணைக்காரர்கள் முடியும் என்றார்கள், ஆனால் சினை மீன் அடுத்த பருவத்துக்குத்தான் கிடைக்கும், ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார்கள்.

"சினை மீனு நாங்க புடிச்சுத் தாரோம். ரெண்டு வருசம் பொறுத்தாச்சு, இன்னொண்ணு பொறுத்துக்கறோமுங்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணுங்க அம்மணி. பாட்டில்ல போட்டுக் கொண்டு போகாதீங்க."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதைச் சிரிப்பின் மேல் போட்டுச் சமாளித்தேன். தொட்டியில் இருந்த குஞ்சுகளைப் பவானியிலேயே விட்டார்கள். பிற்பாடு மரபணுப் பதிலும் இரண்டும் வேறு கூட்டம் என்ற பக்கமே சாய்ந்தது. அது மறுபக்கம் சாய்ந்திருந்தாலும் இதே கதையைத்தான் இப்படியே உங்களுக்கு எழுதியிருப்பேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எண்கள் உங்களைச் சந்தோஷப்படுத்தும் நாளில், மீன் எதில் கிடந்து வந்தது என்று போய்ப் பாருங்கள். உங்கள் மேலதிகாரி போனில் அவசரப்பட்டால் இன்னொரு முறை போன் போடுங்கள். நீங்களே மேலதிகாரி ஆகும் நாளில் அந்த இரண்டாவது போனை எடுங்கள். முருகேசன் இன்றைக்கு எங்கள் துறையின் தலைவர். தட்டு இல்லாமல் யாரையும் ஆற்றுக்கு அனுப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்டால் அதுவே எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

மறு வருஷம் மழைக்குப் பிறகு, அமராவதியில் பிடித்த சினை மீன்களின் குஞ்சுகளைத் தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஆற்றில் விட்டார்கள். அது என் பணியின் கடைசி மாதம். வாக்குக் கொடுத்தது வேறு குஞ்சுக்குத்தான், ஆனாலும் சின்னராசுவின் பரிசலில் ஏறினேன். நடு ஆற்றில் அவர் பரிசலை நிறுத்தி, வாளியில் கையை விட்டு ஒரே ஒரு குஞ்சை அள்ளி, ஈர உள்ளங்கையில் படுக்க வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நேரா இருக்குதுங்களா அம்மணி? உடறதுக்கு முந்தி நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு நுனியிலிருந்து வால் வரை நன்றாகவே பார்த்தேன். பிறகு, "விடுங்க" என்றேன்.